எல் வடிவக் கீறலின் மூலை

உடைந்த குதிகால் எலும்பைச் சேர்க்க நான் சொன்ன பெரிய எல் வடிவக் கீறலுக்குப் பதிலாக, கணுவுக்குக் கீழே இடும் சிறிய கீறலை மனத்தில் வைத்து இளைய மருத்துவர் அன்று கேட்டது ஒரே கேள்விதான்: "சைனஸ் டார்சி வழியா போனாப் போதாதா, சார்?" என் பதிலும் ஒரே வரிதான்: "கண்ணுக்குத் தெரியாத துண்டை எப்படிச் சேர்ப்பீங்க?" அதற்குமேல் யாரும் பேசவில்லை. பதில் சரியாக இருந்ததால் அடங்கினார்களா, சொன்னவன் மூத்தவன் என்பதால் அடங்கினார்களா என்று இன்றுவரை என்னால் தெளிய முடியவில்லை.

என் பக்கம் நியாயம் இருந்தது. உயரத்திலிருந்து விழுந்தவருடைய குதிகால் எலும்பு அது. சிடி படத்தில் பின்மூட்டுப் பரப்பு மூன்று துண்டாகப் பிளந்திருந்தது. இத்தகைய முறிவுகளைத் தரம்பிரிக்கும் சாண்டர்ஸ் முறையில் அது மூன்றாம் வகை. குதிகால் எலும்பு எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று காட்டும், 20 முதல் 40 பாகைவரை இருக்க வேண்டிய போலர் கோணம் ஏறக்குறையத் தட்டையாகிவிட்டிருந்தது. எல் வடிவக் கீறலிட்டு, தோலை எலும்புவரை முழுத் தடிமனாக உயர்த்தி, எலும்பில் செருகும் மெல்லிய கே கம்பிகளை வளைத்து அந்த மடலைப் பிடித்துக்கொண்டால் எலும்பின் வெளிப்பக்கம் முழுவதும் கண்முன் திறந்துகிடக்கும். வெளிக் கணுவின் முனைக்குக் கீழிருந்து முன்நோக்கிப் போகும் சைனஸ் டார்சி கீறல் மிகச் சிறியது. அதில் மூட்டுப் பரப்பு தெரியும், ஆனால் பின்முனையை ஆணி செருகி இழுத்து, பெரும்பாலும் எக்ஸ்ரேயை நம்பியே நிமிர்த்த வேண்டும். அந்த நம்பிக்கை எனக்குக் கைவந்திருக்கவில்லை. இதை அன்றே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பேச்சு வேறு திசையில் போயிருக்கலாம்.

இளைய மருத்துவர் கேட்டது விபத்து நடந்த நான்காம் நாள். பெரிய கீறலுக்கு வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழும்வரை காத்திருக்க வேண்டும் என்பதால் பதின்மூன்றாம் நாள்தான் அறுவை செய்தோம். அதற்குள் துண்டுகள் ஒட்டத் தொடங்கியிருந்தன. சிறிய கீறலில் அவற்றைப் பிரித்திருக்கவே முடியாது என்று பிறகு பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்தத் தாமதமே என் தேர்வால் வந்ததல்லவா?

கோணம் 28 பாகைக்கு உயர்ந்தது. படத்தைப் பார்த்து எல்லோரும் மகிழ்ந்தோம். அறுவைக்குப் பின் பன்னிரண்டாம் நாள் கட்டைப் பிரித்தபோது, நிமிர்ந்த கோடும் படுத்த கோடும் சந்திக்கும் மூலையில் விரல்நகம் அளவுக்குத் தோல் கருத்திருந்தது. அந்த மடலுக்கு இரத்தம் தருவது பெரும்பாலும் பக்கக் குதிகால் தமனி ஒன்றே. அது எட்டுவதற்கு மிகக் கடினமான இடம் அந்த மூலை. நோயாளி புகைப்பவர். "விட்டுட்டேன் டாக்டர்" என்று சொல்லியிருந்தார். எப்போது விட்டார் என்று நான் கேட்கவில்லை. புண் ஆற மூன்று மாதமானது. ஒருநாள் அவர், "எலும்பு நல்லா சேர்ந்துடுச்சுன்னு சொன்னீங்களே டாக்டர்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, புரியாமல்தான் கேட்டார்.

அறுவை செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் இரண்டு ஆண்டு முடிவில் வலியிலும் இயக்கத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2014இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வை நான் முன்பே படித்திருந்தேன். பக்கச் சுவர் புடைத்து வெளிக் கணுவின் எலும்பான ஃபிபுலாவை இடிக்கும் அளவுக்கு உருக்குலைந்தவர்களை அதில் சேர்க்கவில்லை. எங்கள் நோயாளிக்கு அந்த இடிப்பு இருந்தது. ஆகவே அறுவை தேவை என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் எந்தக் கீறல் என்று பேசிய எங்கள் கூட்டத்தில், கீறலே வேண்டுமா என்ற கேள்வி எழவே இல்லை.

அண்மையில் அதே இளைய மருத்துவர் வேறொருவருக்குச் சைனஸ் டார்சி வழியில் அறுவை செய்தார். ஆறாம் நாளே செய்ததால் துண்டுகள் எளிதில் அசைந்தன. புண்ணும் மெல்லிய கோடாக ஆறிவிட்டது. சிடி படத்தில் மூட்டுப் பரப்பின் பின்பகுதியில் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குப் படிபோன்ற மேடுபள்ளம் மிஞ்சியிருந்தது. "திறந்து பார்த்திருக்கணுமா, சார்?" என்றார். படத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, முதலில் காலைப் பார்க்கலாம் என்று வார்டுக்கு நடந்தேன்.