கோபாலைத் தேடிய கவர்னர்

2020 ஏப்ரல். எங்கள் நியூ ஜெர்சி கவர்னர் ஃபில் மர்பி டிவியில் கொரோனா நிலவரம் சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்று இரவு போனில் அம்மாவிடம் சொன்னால், "யாருடா அந்தக் கோபால், நம்ம ஊர்ப் பையனா?" என்கிறாள்.

ஒரு வகையில் நம்ம ஊர்ப் பையன்தான். 2000 பிறக்கும்போது பழைய கணினிகள் குழம்பிவிடும் என்று உலகமே பயந்த ஒய்டூகே காலத்தில் என்னைப் போல எத்தனையோ பேரைச் சென்னையிலிருந்து விமானம் ஏற்றிவிட்ட COBOL என்ற பழைய கணினி மொழி. வேலை போனவர்களுக்குப் படி கொடுக்கும் அரசாங்க மென்பொருள் பல மாநிலங்களில் இன்னமும் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பெல்லாம் நாடு முழுக்க வாரத்துக்கு இரண்டு லட்சம் சொச்சம் பேர் புதிதாக விண்ணப்பிப்பார்கள், அந்த மார்ச் கடைசியில் ஒரே வாரத்தில் சுமார் 60 லட்சம் பேர். எந்த இயந்திரம் தாங்கும்?

வேலை போனவர்களுக்கு அப்போது வாரம் 600 டாலர் கூடுதலாகக் கொடுத்தார்களே, அந்தக் கதையே இதில்தான் இருக்கிறது. மார்ச் 27 அன்று கையெழுத்தான கேர்ஸ் என்ற கொரோனா நிவாரணச் சட்டத்துக்குப் பேச்சு நடந்தபோது, அவரவர் இழந்த சம்பளத்தை அப்படியே ஈடுகட்டலாம் என்ற யோசனையும் இருந்தது. ஆளுக்கு ஆள் கணக்குப் போட மாநிலங்களின் கணினிகளுக்குத் தெம்பில்லை என்று தெரிந்ததும், சரி, மாநிலம் கொடுக்கும் படிக்கு மேல் எல்லாருக்கும் வாரம் 600 என்று முடித்துவிட்டார்கள். சராசரிச் சம்பளத்துக்கும் சராசரிப் படிக்கும் இடையே இருந்த பள்ளம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். விளைவு, ஹோட்டலில் தட்டு கழுவியவருக்கு வேலையில் வாங்கியதைவிட அதிகம் கிடைத்தது. உடனே சில செனட்டர்கள், ஜனங்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்று ஆரம்பித்தார்கள். அடப்பாவிகளா, கணக்குப் போடத் தெரியாதது உங்கள் மெஷினுக்கு, பழி தட்டு கழுவினவன் மேலா?

ஃப்ளோரிடா கதை இன்னும் மோசம். அங்கே மாநிலப் படி என்ன செய்தாலும் வாரம் 275 டாலரைத் தாண்டாது, அதற்கு விண்ணப்பிக்கும் இணையதளமும் படுத்துவிட்டது. ஹயலீயா நகரத்தில் காகித விண்ணப்பம் வாங்க, தள்ளி நில்லுங்கள் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த அந்த நாட்களில், ஜனங்கள் நெருக்கியடித்து வரிசையில் நின்றார்கள். அலுத்துப்போய் ஜனங்களே விட்டுவிடட்டும் என்று தேவையில்லாத முட்டுக்கட்டைகளோடுதான் அதைக் கட்டியிருக்கிறார்கள் என்று கவர்னர் டிசாண்டிஸே பிறகு ஒப்புக்கொண்டார். கட்டியது அவருக்கு முந்தைய ஆட்சியில், அதனால் சொல்வதும் சுலபம்.

அப்புறம் ஆளுக்கு 1200 டாலர், குழந்தைக்கு 500 என்று அரசாங்கத்திடமிருந்து வந்த நிவாரணக் காசோலை. எனக்கு ஒரு நாள் காலையில் சத்தமில்லாமல் பேங்கில் விழுந்தது. எதிர் வீட்டு நண்பர் எச்1பி வேலை விசாவில் இருப்பவர், ஒழுங்காக வரி கட்டுகிறவர், மகள் இங்கேயே பிறந்தவள். மனைவி அவரைச் சார்ந்து வந்த எச்4 விசா என்பதால் சோஷியல் செக்யூரிட்டி எண் கிடையாது, வரி கட்ட மட்டும் கொடுக்கும் ஐடின் எண்தான். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத மனைவியோடு சேர்ந்து வரிக் கணக்குக் காட்டினார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்தக் குடும்பத்துக்கும் பூஜ்யம். அந்த டிசம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள், அடுத்த வருஷம் வரிக் கணக்கோடு அவருக்கும் மகளுக்கும் சேர வேண்டியது வந்து சேர்ந்தது.

மனைவியின் 1200 மட்டும் வரவில்லை.