எங்க வீட்டுக்காரருக்குக் கிடைச்ச புது பதவி

என் தம்பி டோக்கியோவுக்கு லாங்குவேஜ் ஸ்கூல்ல சேர வந்தவன் ஜப்பானீஸ் மட்டும் ஒழுங்கா படிச்சிருந்தான்னா எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. வந்த கொஞ்ச நாள்லயே "அக்கா, இங்க ட்ரெயின் போர்டுல ஜப்பானீஸ், சைனீஸ், கொரியன்னு எல்லாம் ஓடுது, மூணுக்கும் பாதி சரக்கு பழைய சீனாலேர்ந்து வந்ததுதான், தனித்தனியா படிக்கிறவன் முட்டாள், நான் மொத்தமா முடிச்சிடுறேன்"னு ஆரம்பிச்சுட்டான்.

நிஷிகசாய்ல எங்க வீடே தீப்பெட்டி சைஸு. அதுல ஃப்ரிட்ஜ் கதவு பூரா அவன் ஃபார்முலா சார்ட். சும்மா சொல்லக்கூடாது, விஷயம் நிஜமாவே இருக்கு. பழைய சீன உச்சரிப்புல 'க்'னு முடிஞ்ச வார்த்தைக்கெல்லாம் இப்போ பெய்ஜிங் பேச்சுல வால் அறுந்துபோச்சாம், ஜப்பான்ல அந்த வால்தான் 'கு' ஆயிடுச்சாம், கொரியால அப்படியே 'க்'னு நின்னுடுமாம். நாடுன்னா குவோ, கொகு, குக். படிப்புன்னா ஷுவே, ககு, ஹக். அதே மாதிரி 'ட்'ல முடிஞ்சது கொரியால 'ல்' ஆயிடும், அதனால எட்டுக்கு பா, ஹச்சி, பல். எட்டுக்கு எதுக்குடா பல்லுன்னு நான் கேட்டா "ரூல் அப்படிக்கா"ங்கறான்.

ரூலுக்கு மொத ஆப்பு ஸ்டேஷன்லயே வச்சாங்க. வெளியே போற வழிக்கு சைனீஸும் ஜப்பானீஸும் எழுத்து ஒண்ணுதான், சைனீஸ்ல சூகோ, கொரியன்ல சுல்கு, இவன் கணக்குப்படி ஜப்பானீஸ்ல ஷுக்கோன்னு வந்திருக்கணும், ஆனா இங்க எல்லாரும் சொல்றது தெகுச்சி. அது சுத்தமான ஜப்பான் வார்த்தையாம், எழுத்து மட்டும் கடன். அரசாங்கம் பொது உபயோகத்துக்குன்னு வச்சிருக்கிற 2136 கஞ்சில (குடிக்கிற கஞ்சி இல்ல, ஜப்பானீஸ்ல எழுதுற சீன எழுத்துக்கு அதான் பேரு) பெரும்பாலானதுக்கு இப்படி ரெண்டு மூணு வாசிப்பு. "அதெல்லாம் எக்ஸெப்ஷன்க்கா"ன்னுட்டு போயிட்டான்.

கிராமர்ல மட்டும் பயலுக்கு தலைகனம் ஜாஸ்தி. ஜப்பானீஸ், கொரியன் ரெண்டுலயும் வினைச்சொல் கடைசில வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னாடி ஒட்டும், நம்ம தமிழ் வாக்கியத்தை வரிசை மாத்தாம சொல்லிட்டே போகலாம். கிளாஸ்ல கஞ்சி டெஸ்ட்டுன்னா சீனப் பசங்க கொட்டாவி விட்டுக்கிட்டே எழுதுவாங்களாம், வினை விகுதி வந்ததும் அவங்க முழிப்பாங்க, இவன் கால் மேல கால் போட்டு உக்காந்திருப்பானாம். (கஞ்சி டெஸ்ட் அன்னைக்கு கால் எங்க இருக்கும்னு சொல்லல.)

சரி, விஷயத்துக்கு வர்றேன். கீழ் வீட்டுல ஒரு பாட்டிம்மா, ரொம்ப மரியாதை, குனிஞ்சு வணக்கம் சொன்னா நிமிர நேரமாகும். ஒரு நாள் லிஃப்ட் வாசல்ல தம்பியைப் பார்த்து யாருப்பான்னு விசாரிச்சாங்க. என்னைக் காட்டி 'அனே'ன்னான், அக்கா, கரெக்ட். அப்போ பார்த்து எங்க வீட்டுக்காரர் பழைய பாட்டில் மூட்டையோட வர்றார். அக்கா புருஷனுக்கு வார்த்தை மறந்துபோச்சு, உடனே ஃபார்முலாவை எடுத்துட்டான். 'அன்பு' ப்ளஸ் 'ஆள்'. சீனால 'ஐரன்'னா புருஷன் பொண்டாட்டி, கொரியால 'எயின்'னா காதலர், அப்போ ஜப்பான்ல 'ஐஜின்'. கம்பீரமா "அனே நோ ஐஜின் தெஸ்"னுட்டான்.

ஜப்பான்ல அதுக்கு அர்த்தம் சின்ன வீடு.

எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்ச ஜப்பானீஸ் 'ஹாய்' ஒண்ணுதான், ஆமான்னு அர்த்தம், ஆஃபீஸ்ல முழுக்க இங்கிலீஷ். அவர் மூட்டையைக் கீழ வச்சுட்டு பல்லெல்லாம் தெரிய "ஹாய்!"னு குனிஞ்சார். நான் குறுக்க பாய்ஞ்சு "இல்ல இல்ல, ஷுஜின், ஷுஜின்"னு, அதாவது புருஷன்னு, சொன்னேன், பாட்டிம்மா "ஆ, ஸோ தெஸ் கா"ன்னு மெதுவா தலையாட்டினாங்க, இந்த ஊர்ல அதுக்கு நம்பிட்டேன்னும் அர்த்தம், நம்பலைன்னும் அர்த்தம்.

தம்பி அன்னைக்கு ராத்திரியே சார்ட்ல சிவப்பு பேனாவால ஒரு வட்டம் போட்டுட்டு கவலையில்லாம தூங்கிட்டான். நேத்து லிஃப்ட்ல பாட்டிம்மா இவரைத் தனியா பார்த்து ஏதோ குரலைத் தாழ்த்தி கேட்டாங்களாம், ஷுஜின்னு மட்டும் காதுல விழுந்துச்சாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது, ஹாய்னேன்."