மாடி வீடு, மெக்லீன் கவுண்டி, இல்லினாய், அமெரிக்கா

ஜனவரி 14, 2024, ஞாயிறு

கர்ப்பம் 24 வாரம். ஜன்னல் கண்ணாடியின் உட்புறத்திலேயே பனி பூத்திருக்கிறது. நகத்தால் கீறினால் மாவாக உதிர்கிறது. காற்றையும் சேர்த்தால் மைனஸ் 25, 30 ஃபாரன்ஹீட் வரை போகும் என்று எச்சரிக்கை விட்டிருக்கிறார்கள். கையுறை இல்லாமல் நின்றால் அரை மணிக்குள் தோல் புண்ணாகிவிடுமாம். கார் கிளம்புகிறதா பார்க்க அவர் மூன்று தடவை இறங்கி ஏறினார். பதினாறு படி. படுத்தபடியே எண்ணினேன்.

ஜனவரி 16

குளிர். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜனவரி 25

மூடுபனி. எதிர்வயல் காணவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

காலை பத்து மணிக்கு சங்கு. சங்கு என்று எழுதவே மனம் கூசுகிறது, சைரன் என்றே எழுதுகிறேன். இல்லினாய் முழுக்க மாதத்தின் முதல் செவ்வாய் பத்து மணிக்குச் சோதித்துப் பார்ப்பார்கள். தெரிந்த விஷயம்தான். ஆனாலும் இன்று அது ஏறி இறங்கி அடங்கும்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

உண்மையிலேயே அடித்தால்? டொர்னேடோ என்கிற சுழற்காற்று வந்தால் நிலவறைக்குப் போக வேண்டும், நிலவறை இல்லாதவர்கள் தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத அறைக்குப் போக வேண்டும். இந்தக் கட்டடத்தில் நிலவறையே கிடையாது. எனக்கோ படி இறங்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவர் அலுவலகத்தில் இருக்கும் நேரமாக இருந்தால் என்ன செய்வேன்? குளியலறையில், தொட்டிக்குள், தலையணைகளோடு. இன்று ஒருமுறை போய்ப் பார்த்தேன். காலை நீட்ட இடமில்லை.

அவர் சொல்கிறார், அதெல்லாம் ஏப்ரல், மே மாதத்துக் கவலை என்று. ஆனால் இங்கிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் வாஷிங்டன் என்ற ஊரின் ஒரு பகுதியை 2013இல் சுழற்காற்று தரைமட்டமாக்கியது நவம்பர் 17ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில். நவம்பரில்! கீழ்வீட்டு அம்மாள் அப்போது அங்கே இருந்தவர். ஊரில் பாதிப் பேர் சர்ச்சில் இருந்தார்களாம்.

பிப்ரவரி 13

இரவில் உறைநிலைக்குக் கீழே, பகலில் மேலே. இந்த ஏற்ற இறக்கம்தான் மேப்பிள் மரத்தின் சாற்றை ஓடவைக்கிறது. தெற்கே ஃபங்க்ஸ் குரோவில் இப்போது மரங்களில் துளையிட்டு வடிப்பார்கள். நாற்பது லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. போன வருடம் போய் வந்தோம். ஊரில் பனை இறக்குபவர் வீட்டு முற்றத்தில் வருமே, அதே பதநீர் காய்ச்சும் வாசனை. அங்கே நின்று அழுதேன். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை, நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

30 வாரம். பிப்ரவரியில் எழுபது டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல். ஜன்னலைத் திறந்து வைத்தேன். காற்றில் ஈரம், மெக்சிகோ வளைகுடாவிலிருந்து நேராக வருகிறது. பகலெல்லாம் தென்றல் என்றே சொல்லலாம். மேற்கே வானம் மட்டும் சரியில்லை.

கனடாவிலிருந்து இறங்கும் வாடைக்கும் வளைகுடாவிலிருந்து ஏறும் தென்றலுக்கும் நடுவில் தடுக்க ஒரு பெரிய மலைகூடக் கிடையாது. இரண்டும் எங்கள் தலைக்கு மேல்தான் முட்டிக்கொள்கின்றன. ஒரு நாளைக்குள் கோடையும் மார்கழியும் வருவது இதனால்தான்.

அவர் வரத் தாமதம். ஆறரைக்குக் கதவைத் தட்டும் சத்தம். கீழ்வீட்டு அம்மாள், எழுபது வயதுக்கு மேல், கையில் வானிலை ரேடியோ. நீ இறங்க முடியாதே, அதனால் நான் ஏறி வந்தேன் என்றார். முழங்கால் வலிக்காரர். என் வீட்டுக்காரர் வரும்வரை என் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். ரேடியோ கரகரத்த குரலில் ஒவ்வொரு கவுண்டியாகச் சொல்லிக்கொண்டே போனது. வடக்கே சிகாகோ புறநகர்ப் பக்கம் சுழற்காற்று இறங்கியது. எங்களுக்குக் காற்று மட்டும்தான்.

பிப்ரவரி 28

விடியும்போது இருபதுகளில். நேற்றுத் திறந்த ஜன்னல் இன்று உறைந்து ஒட்டிக்கொண்டது.

மார்ச் 9

அமெரிக்காவில் இதுவரை பதிவானதிலேயே வெப்பமான குளிர்காலம் இதுதானாம், நேற்று அறிவித்திருக்கிறார்கள். ஜனவரி நடுவில் அந்த வாரம் எங்களைப் போட்டு வாட்டியதே, அதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. வாகனம் நிறுத்துமிடத்துச் செடியில் மொட்டு வந்துவிட்டது. ஏப்ரல் கடைசிவரை உறைபனி வரலாம். அவசரப்படாதே, இன்னும் நாள் இருக்கிறது. செடிக்குத்தான் சொன்னேன். செடிக்கு மட்டுமில்லை.

மார்ச் 22

அம்மாவுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று.

ஏப்ரல் 5

அம்மா வந்துவிட்டாள். பதினாறு படியையும் மூச்சு வாங்காமல் ஏறினாள். வந்ததும் ஜன்னலில் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். "என்னடி இது, காத்துக்கு ஒரு தடுப்பே இல்லையே." கஜா அடித்த இரவில் பட்டுக்கோட்டை வீட்டில் தென்னை ஒவ்வொன்றாகச் சாய்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். காற்றைப் பற்றி அவளிடம் நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. சைரனைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

36 வாரம். கிரகணம். மாநிலத்தின் தென்கோடியில் கார்பண்டேலில் முழு இருட்டு. 2017இலும் அதே ஊரில்தான். இங்கே நூற்றில் 95 பங்குக்கு மேல். கட்டடமே கண்ணாடி மாட்டிக்கொண்டு புல்வெளியில் நின்றது. அம்மா எல்லாத் திரையையும் இழுத்துவிட்டு, கத்தியைக்கூட எடுக்கவிடவில்லை. வாதாடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. இரண்டு மாதமாகச் சைரனுக்குப் பயந்து தொட்டிக்குள் தலையணை அடுக்கியவள் நான். இரண்டு மணி வாக்கில் திரையின் ஓரத்து வெளிச்சம் வெளிறியது. அறை சில்லிட்டது. என் வயிற்றின் மேல் கையை வைத்தபடி அம்மா எதையோ முணுமுணுத்தாள்.

ஏப்ரல் 16

படி இறங்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஏப்ரல் 17

இறங்கினேன். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் அம்மா. கீழ்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

எதிர்வயல் வரை நடந்தோம். போன வருடத்து மக்காச்சோளத் தாள் இன்னும் நிற்கிறது. அம்மா குனிந்து ஒரு பிடி மண் எடுத்தாள். அப்படி ஒரு கறுப்பு. ஆயிரக்கணக்கான வருடம் புல் வளர்ந்து மக்கிய மண். நாட்டிலேயே மக்காச்சோளம் அதிகம் விளையும் கவுண்டிகளில் இதுவும் ஒன்று என்று அவர் சொன்னார். அம்மாவுக்கு வேறு சந்தேகம். "ஏன் மாப்ள, வாய்க்காலே காணோமே, பெய்யிற தண்ணி எங்க வடியுது?" வயலுக்கு அடியில் குழாய் பதித்திருக்கிறார்கள், ஒரு காலத்தில் இதெல்லாம் சதுப்பு நிலம் என்றார். அம்மா நம்பாமல் காலால் தரையைத் தட்டிப் பார்த்தாள். மண் பத்து டிகிரி சூடாகட்டும் என்று விதைக்கக் காத்திருக்கிறார்கள். ஃபாரன்ஹீட்டில் ஐம்பது.

எல்லோரும் காத்திருக்கிறோம்.

ஏப்ரல் 29

மழை. பை தயார். கால் வீக்கம்.

மே 6, திங்கள்

40 வாரம். எதிர்வயலில் முளை தெரிகிறது, கோடு கோடாக. இரவு தூக்கமில்லை, இடுப்பில் விட்டு விட்டு ஒரு இறுக்கம். நாளை மாதத்தின் முதல் செவ்வாய். பத்து மணிக்கு அடிப்பது வெறும் சோதனைதான் என்று அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவைக்க வேண்டும். நாங்கள் இல்லாத நேரத்தில் கேட்டால் பயந்துவிடுவாள்.