பூவில் கை வைக்காத மார்கழி

16 டிசம்பர் 2024, திங்கள்

மார்கழி பிறந்துவிட்டது. தை முதல் வாடகை ஆயிரத்து ஐநூறு கூடும் என்று வீட்டு ஓனர் சொல்லிவிட்டுப் போனார். மதுரை வில்லாபுரத்தில் நல்ல தண்ணீர் வருகிற வீடு இந்த வாடகைக்குக் கிடைக்காது. அதனால் மாறுகிற பேச்சே இல்லை. எங்கள் இருவர் சம்பளமும் ஏறப்போவதில்லை. இருக்கிற செலவுக்குள்ளேயே மாதம் 1,500 ரூபாயைத் தேடி எடுக்க வேண்டும்.

ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் உட்கார்ந்து பேசினோம். "சில்லறைச் செலவைக் குறைச்சாலே போதும்" என்றார் என் கணவர். உடனே அத்தை, "பூவை நிறுத்திரலாம்மா. எனக்குப் பருத்திப்பாலும் வேண்டாம்" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. சிக்கனம் என்று பேச்செடுத்தாலே முதலில் போவது வீட்டுப் பெண்களின் பூவும் ஒரு வாய் பலகாரமும்தான். அதையும் அவர்களே முந்திக்கொண்டு விட்டுக்கொடுத்துவிடுவார்கள். என் அம்மாவும் அப்படித்தான். "முதல்ல எல்லாச் செலவையும் எழுதிப் பார்ப்போம் அத்தை, அதுவரைக்கும் எதையும் நிறுத்த வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன்.

18 டிசம்பர், புதன்

தெற்கு மாசி வீதியில் ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக் கணக்கு எனக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் அவருடைய வங்கிப் பதிவைப் பார்த்தால் எதுவும் பிடிபடவில்லை. காரணம் யுபிஐ லைட். பின் நம்பர் இல்லாமல் சின்னத் தொகைகள் அதில் போய்விடுகின்றன. வங்கிப் பதிவில் அந்த வாலட்டுக்குப் பணம் ஏற்றிய வரி மட்டும்தான் இருக்கும். டீ, பப்ஸ், ரீசார்ஜ் என்று தனித்தனியாக வராது. இந்த மாதத் தொடக்கத்தில் ரிசர்வ் வங்கி அதன் வரம்பையும் உயர்த்திவிட்டது. ஒரு தடவைக்கு 500 ஆக இருந்தது 1,000 ஆனது. வாலட்டில் 2,000 வரை வைத்திருக்கலாம் என்பது 5,000 ஆனது.

வசதியானதுதான், மறுக்கவில்லை. ஆனால் பணம் எங்கே போகிறது என்று தேடுகிற வீட்டுக்கு அது உதவாது. ஆப்பைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்து நோட்டில் இறக்கினேன். அவரும் கூட உட்கார்ந்து இது எதற்கு, அது எதற்கு என்று சொன்னார். கோபப்படவில்லை. லேத்துப் பட்டறையில் நாள் முழுக்க நிற்கிறவர், சாயங்காலம் நாலு பேரோடு டீ குடிக்கட்டும். அதில் குறைக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

20 டிசம்பர், வெள்ளி

மல்லி விலை ஏறிக்கொண்டே போகிறது. பனி விழுந்தால் மொட்டு பிடிக்காது. வரத்து குறையும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கிலோ ஆயிரங்களுக்குப் போய்விடும். சித்திரையில் அதே பூ சில நூறுக்கு வந்து நிற்கும். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்து 2013-இலிருந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. இருந்தாலும் மார்கழியில் மதுரைக்காரிக்கே எட்டாத பூ அது.

பூக்கார அக்கா முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை சரத்தை இழுத்து அளந்தார். அளந்த பிறகும் விரலுக்கு அப்பால் நாலு மொட்டு விட்டுத்தான் நூலை அறுத்தார். இந்த விலையிலும் அப்படியே. "முழம் அறுபது. அரை முழம் எடுத்துக்க, சாமி படத்துக்குச் செவ்வந்தி வச்சுக்க" என்று அவரே வழி சொன்னார். அரை முழத்தை இரண்டாக்கி அத்தைக்கும் எனக்கும். விலை ஏறினால் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். அதற்காகப் பூவே இல்லாமல் வெள்ளிக்கிழமையைக் கழிக்க வேண்டியதில்லை.

22 டிசம்பர், ஞாயிறு

பருத்திப்பாலை வீட்டிலேயே செய்துவிடலாம், காசு மிச்சம் என்று அத்தை சொன்னதால் நேற்றே பருத்தி விதை வாங்கி ஊறப்போட்டோம். காலையில் அலசி அலசி, தூசி போகும்வரை கழுவி, கிரைண்டரில் ஆட்டினோம். துணியில் போட்டுப் பிழிந்து, சக்கையை மறுபடி ஆட்டி, இரண்டாம் பால், மூன்றாம் பால். அத்தைக்குக் கை வலி வந்துவிட்டது. அப்புறம் அரிசி மாவைக் கரைத்து ஊற்றி, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே நின்று, கருப்பட்டிப் பாகு, சுக்கு, ஏலக்காய், கடைசியில் தேங்காய்ப்பூ. ருசி அருமை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் காலை முழுவதும் அதிலேயே போனது. கேஸ், கருப்பட்டி, தேங்காய் எல்லாம் சேர்த்தால் பெரிய மிச்சமும் இல்லை.

இத்தனை வேலையையும் செய்து, சூடு ஆறாமல் தள்ளுவண்டியில் தெருவுக்கே கொண்டுவந்து, ஒரு டம்ளர் இருபது ரூபாய்க்குக் கொடுக்கிறார் ஒருவர். அந்த இருபது ரூபாயைக் குறைக்க நினைப்பது நியாயமே இல்லை. அத்தையிடம் அப்படியே சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, ஆனால் சாயங்காலம் வண்டி மணி கேட்டதும் டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

29 டிசம்பர், ஞாயிறு

இன்று பிடிபட்டது பெரிய செலவு. ஞாயிறு ராத்திரி எங்கள் வீட்டில் பரோட்டா. ஆப்பில் ஆர்டர் போடுவது வழக்கம். இன்று பணம் கட்டுவதற்கு முன் பில்லை வரிவரியாக எழுதினேன். கடையில் 15 ரூபாய் பரோட்டா ஆப்பில் 20. கடையில் 140 ரூபாய் சிக்கன் சுக்கா ஆப்பில் 175. பத்து பரோட்டாவும் சுக்காவும் 375. பேக்கிங் 20. அதற்கு மேல் ஜிஎஸ்டி 5 சதவீதம். வரி வரம்புக்குக் கீழே இருக்கிற சின்னக் கடையாக இருந்தாலும் ஆப் வழியாக வாங்கினால் அந்த வரி உண்டு, 2022 ஜனவரி முதல் விதி அப்படி. பிளாட்பார்ம் கட்டணம் 10, டெலிவரி 35. ஆக மொத்தம் 460. அதே சாப்பாடு கடையில் 290.

டெலிவரிக்கு வாங்கும் காசில் எனக்குக் குறையில்லை, வண்டி ஓட்டி வருகிற பையனுக்கு அது போய்ச் சேர்ந்தால் சந்தோஷம். மற்றதெல்லாம் எதற்கு? கடை நடந்து போகிற தூரம். அவரும் மகனும் தூக்குவாளியும் டிபன் கேரியரும் எடுத்துக்கொண்டு போனார்கள். கொதிக்கிற சால்னாவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்காமல் வாளியில் வாங்கியது எனக்கு இன்னும் நிம்மதி. கடைக்காரர் ஒரு கரண்டி கூடவே ஊற்றினாராம். வாரத்துக்கு 170 மிச்சம், பரோட்டாவையும் விடவில்லை.

2 ஜனவரி 2025, வியாழன்

ஆட்டோபே. சினிமா பார்க்கும் ஆப் 149, மகனின் கேம் 99, பாட்டு ஆப் 59. மூன்றும் மாதா மாதம் தானாகப் போய்க்கொண்டிருந்தன. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்பது 2021 அக்டோபர் முதல் அமலில் இருக்கிற ரிசர்வ் வங்கி விதி. தகவல் வரத்தான் செய்கிறது, நூறு விளம்பர மெசேஜுக்கு நடுவே. யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற இடத்துக்குப் போய் மூன்றையும் ரத்து செய்தோம். மகன் முகம் வாடிவிட்டது. பரீட்சை லீவுக்கு ஒரு மாதம் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், கட்டாயம் செய்வேன்.

10 ஜனவரி, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. விடியும் முன்பே அத்தையோடு கூடலழகர் கோயில். சொர்க்கவாசல் கூட்டம் தெருவரை நின்றது. மல்லி முழம் நூறு. யோசிக்காமல் ஒரு முழம் முழுதாக வாங்கி அத்தை தலையில் வைத்துவிட்டேன். "எதுக்கும்மா இவ்வளவு" என்றார். இந்த நாளுக்குக்கூட வைக்காமல் வேறு எப்போது வைப்பது?

ரேஷன் கடைக்கு டோக்கன் வந்திருக்கிறது. இந்த வருஷப் பொங்கல் தொகுப்பில் பச்சரிசி, சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு. ரொக்கம் கிடையாது.

18 ஜனவரி, சனி

பொங்கல் முடிந்தது, வாடகையும் கூட்டிக் கொடுத்தாயிற்று. நோட்டைக் கூட்டினேன். பரோட்டா வகையில் மாதம் 680. ஆட்டோபே 307. சாயங்காலம் ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு மகளிருக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில் வருவதில் 400 போல. கூட்டம் நெரிகிற நாளில் ஆட்டோவில்தான் வருவேன், அதனால் கூடுதலாகப் போடவில்லை. மொத்தம் 1,387. மீதிக்கு அவரே, "பப்ஸை வாரத்துல ரெண்டு நாளாக்கிக்கிறேன், டீ மட்டும் இருக்கட்டும்" என்றார்.

பூவும் பருத்திப்பாலும் இனி நோட்டில் அரிசி, பால், கேஸ் வரிசையில் இருக்கும். பனி விட்டு மல்லி இறங்கினால் அதில் மாதம் நூறாவது மிஞ்சும். மாதா மாதம் கட்டுகிற தபாலாபீஸ் ஆர்.டி.யை நூறு ரூபாயிலேயே தொடங்கலாம், ஐந்து வருஷம், இப்போது வட்டி 6.7 சதவீதம். அத்தை பேரில் போடலாம் என்று நாங்கள் சொன்னதற்கு, "என் பேர்லயா, பாஸ்புக் என்கிட்டதானே இருக்கும்?" என்று இரண்டு தடவை கேட்டார். திங்கட்கிழமை ஆதார் நகலும் போட்டோவும் எடுத்துக்கொண்டு அத்தையோடு போக வேண்டும். கடையில் அரை நாள் லீவு சொல்லியாயிற்று.