முதல் பனியில் ஒரு நடை

அம்மாவின் 16-ஆம் நாள் கருமக்கிரியை முடிந்து இரண்டு மாதங்கள் கழிந்த ஓர் இரவில், பினாங்கு ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் வீட்டின் முன்னறையில் தனியாக அமர்ந்து ‘தி ஃபவுண்டன்’ படத்தைப் பார்த்தேன். டேரன் அரோனோஃப்ஸ்கி இயக்கி 2006-இல் வெளிவந்த அந்தப் படம் 96 நிமிடங்களே ஓடுகிறது. முடிந்த பின்னும் எழுந்து விளக்கைப் போட எனக்கு மனம் வரவில்லை.

ஸ்பெயின் அரசிக்காக, மத்திய அமெரிக்காவின் மாயா இனத்தவர் வாழும் காட்டில் உயிர்மரத்தைத் தேடிச் செல்லும் வீரன், மூளைக்கட்டியால் இறந்துகொண்டிருக்கும் மனைவி இஸ்ஸியைக் காப்பாற்ற ஆய்வகமே கதியென்று கிடக்கும் ஆராய்ச்சியாளன் டாமி, பட்டுப்போகும் மரமொன்றுடன் ஒளிபுகும் கோளத்தில் அமர்ந்து விண்வெளியில் மிதக்கும் மனிதன் என மூவராகவும் ஹியூ ஜாக்மேனே நடித்திருக்கிறார். முதல் அரைமணி நேரம் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. வீரனின் கதை இஸ்ஸி எழுதிக்கொண்டிருக்கும் நூல் என்பது விளங்கிய பிறகே மற்றவை ஒன்றோடொன்று சேர்ந்தன.

விண்வெளிக் காட்சிகளில் பலவற்றைக் கணினியில் வரையாமல், சிறு கண்ணாடித் தட்டுகளில் நிகழ்ந்த வேதிவினைகளைப் பீட்டர் பார்க்ஸ் மிக நெருக்கத்தில் படமெடுத்ததிலிருந்து உருவாக்கினார்கள் என்று பின்னர் படித்தேன். சாகும் விண்மீனைச் சூழ்ந்த அந்தப் பொன்முகில் உண்மையில் சில துளி நீர்மம் கலங்கிச் சுழன்றது. அதைப் படித்ததும் அம்மாவின் அஸ்தியைக் கடலில் கரைத்த காலைப்பொழுது கண்முன் வந்தது. படகோரத்தில் குனிந்து பானையைச் சாய்த்தபோது, சாம்பல் உடனே அமிழ்ந்துவிடாமல் பச்சை நீருக்குள் மெல்ல விரிந்து, சுருண்டு, வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றது. அதை அழகு என்று சொல்ல அன்று எனக்குக் கூச்சமாக இருந்தது, இப்போது சொல்கிறேன்.

இஸ்ஸி கணவனிடம் ஒரு கதை சொல்வாள். மாயா வழிகாட்டி ஒருவர், இறந்த தன் தந்தையின் புதைகுழிமேல் விதை நட்டார், அது மரமாயிற்று, தந்தை அந்த மரத்திலும் பூவிலும், கனியைத் தின்ற பறவையிலும் கலந்துவிட்டார் என்பது அந்தக் கதை. எங்களையும், அஸ்தி எடுத்த இடத்தில் நவதானியம் தூவும்படி பண்டாரம் சொன்னார். ஏன் என்று கேட்காமல் தூவிவிட்டு வந்தேன். அந்தக் கேள்வி எனக்கு இப்போதுதான் எழுகிறது.

ஆனால் நான் அழுதது வேறோர் இடத்தில், மிக எளிய காட்சியில். ஆண்டின் முதல் பனி பொழிகிறது, என்னுடன் நடக்க வா என்று இஸ்ஸி அழைக்கிறாள். வேலை இருக்கிறது என்று டாமி மறுக்கிறான். படம் அந்தக் கணத்துக்கே திரும்பத் திரும்ப வருகிறது. சோதனைக் குரங்கின் கட்டி சுருங்குகிறது என்ற செய்தி ஆய்வகத்திலிருந்து வரும்போது அவள் உயிர் பிரிந்திருக்கும். தாங்க முடியாத காட்சி அது. ஆனால் அதில் பொய் இல்லை.

1884-இல் தொடங்கப்பட்ட பினாங்கு தாவரவியல் பூங்காவில் நாகலிங்க மரங்கள் உண்டு. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் நாள்களில் அம்மா அங்கேயும் சிறிது நேரம் நின்றுவிட்டுத்தான் வீடு திரும்புவார். கடைசி மாதத்தில், “நாகலிங்கம் பூத்திருக்கும்யா, ஒரு நடை கூட்டிட்டுப் போறியா?” என்று கேட்டார். புதிய சிகிச்சைகளைப் பற்றிக் கணினியில் படித்துக்கொண்டிருந்த நான், “ஸ்கேன் முடியட்டும்மா” என்றேன். ஸ்கேன் முடிந்தது. நாங்கள் போகவில்லை.

சென்ற வாரம் படத்தை மறுபடியும் பார்த்தபோது, ஆங்கிலம் அதிகம் அறியாத அப்பாவும் அருகில் வந்து அமர்ந்தார். பனி பொழியும் காட்சியில் அவள் என்ன கேட்கிறாள் என்றார். சொன்னேன். பிறகு, அம்மா என்னிடம் பூங்காவுக்குப் போகக் கேட்டதையும் முதன்முறையாகச் சொன்னேன்.

அப்பா திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

“என்கிட்டயும் கேட்டா, ஐயா” என்றார்.