கால் மில்லிமீட்டர்

தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியா பக்கத்தில் சென்சூரியனில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், 38 கிகாஹெர்ட்ஸ் சிக்னலுக்கான சர்க்யூட் போர்டு ஒன்று என் தலையில் விழுந்தது. அதுவரை 2 கிகாஹெர்ட்ஸில் பழகிய கை. கேபிள் மாட்டும் கனெக்டரை வைத்தோமா, அதன் நடுப் பின்னை டிரேஸில், அதாவது சிக்னல் போகும் செம்புக் கோட்டில், பற்றவைத்தோமா, வேலை முடிந்தது என்றிருந்தவன்.

40 கிகாஹெர்ட்ஸ் வரை தாங்கும் 2.92 மி.மீ. கனெக்டரைத்தான் போர்டின் ஓரத்தில் திருகி இறுக்கினேன். 20 வரை ரிட்டர்ன் லாஸ் அருமை; சிக்னல் எவ்வளவு குறைவாக எதிரொலித்துத் திரும்புகிறது என்பதன் அளவு அது, கூடக்கூட நல்லது. 30-ஐத் தாண்டியதும் 8 டெசிபலுக்குச் சரிந்தது. கனெக்டர் பின்னின் தடிமனால் கெப்பாசிட்டன்ஸ் கூடிவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, பின்னுக்கு அடியில் டிரேஸை ஒடுக்கி ஒடுக்கி சிமுலேஷன் ஓட்டியதில் ஒரு வாரம் போனது. நடுவே லோட்ஷெட்டிங் வேறு. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் இதையெல்லாம் அளக்கும் நெட்வொர்க் அனலைசர் சூடேறும் வரை காத்திருந்து, மறுபடி கேலிபிரேஷன்.

எங்கள் லேபில் டர்பன் சாட்ஸ்வொர்த்காரர் ஒருவர் இருந்தார். முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். அவரிடம் மிஞ்சியிருந்த தமிழ் நாலைந்து சொற்கள்தான். அதில் 'தம்பி' எனக்கானது. "தம்பி" என்று கூப்பிட்டு, போர்டை வாங்கித் திருப்பிப் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தார். அடிப்பக்கச் செம்பு ஓரம் வரை வரவில்லை. கால் மில்லிமீட்டர் முன்பே நின்று, வெளிறிய பட்டை ஒன்று தெரிந்தது.

மேலே டிரேஸில் சிக்னல் போனால் கீழே அந்தச் செம்பில், அதாவது கிரவுண்டில், அதே அளவு மின்னோட்டம் திரும்பி வர வேண்டும். பாதை அறுந்தால் அது சுற்றிக்கொண்டு வரும். அந்தச் சுற்றுதான் இண்டக்டன்ஸ். 38 கிகாஹெர்ட்ஸில் அந்த போர்டில் அலைநீளமே 5 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, கால் மில்லிமீட்டர் சும்மா விடுமா? எந்த இடத்தில் எதிரொலி எழுகிறது என்று காட்டும் டைம் டொமைன் வரைகோட்டில், கனெக்டர் இடத்தில் மேடுதான் தெரிந்தது. கெப்பாசிட்டன்ஸ் என்றால் பள்ளமல்லவா விழ வேண்டும்! டிரேஸை ஒடுக்கி நான் இண்டக்டன்ஸைத்தான் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

செம்பு எட்டும் வரை ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்தார். ஒடுக்காத பழைய போர்டுதான் அது. கனெக்டரை டார்க் ரெஞ்சில் இறுக்கி அளந்தோம்: 16 டெசிபல்.

ஓரத்துக்குச் சற்று முன்பே செம்பை நிறுத்திவிடுவது போர்டு செய்பவர்களின் வழக்கம். வெட்டும்போது பிசிறு வராமலிருக்க. அடுத்த ஆர்டரில், ஓரம் வரை செம்பு வேண்டும் என்று வரைபடத்திலேயே எழுதினேன். வந்தது, பிசிறோடு. அப்புறம் என்ன, இருவரும் ஆளுக்கொரு பிளேடை எடுத்துக்கொண்டு மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தோம்.