ஹெட்போன் கழுத்தில் இருந்தால் பேசலாம்

ஜிமெயிலில் அனுப்பிய மடலைத் திரும்பப் பிடிக்க 5 விநாடிதான் கிடைக்கும், செட்டிங்ஸில் நாமாக மாற்றி வைக்காதவரை. இதை நான் தெரிந்துகொண்ட நாளில் சின்னவனுக்கு ஒன்றரை வயது. என் மடியில் உட்கார்ந்திருந்தான். வீட்டிலிருந்தபடியே பிறருடைய அலுவலக வேலைகளை இணையம் வழியாகப் பார்த்துக்கொடுக்கும் விர்ச்சுவல் அசிஸ்டென்ட் நான். கிளையன்ட் ஒருவரின் இன்பாக்ஸிலிருந்து 14 பேருக்குப் போக வேண்டிய மடல் பாதியில் நின்றது. தொகை வர வேண்டிய இடத்தில் ‘இங்கே சரிபார்க்கணும்’ என்று எனக்கு நானே எழுதிய குறிப்பு அப்படியே இருந்தது. அவனுடைய தண்ணீர் பாட்டில் கீழே உருண்டது. குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் டச்பேடில் அவன் கை. மடல் போய்விட்டது.

அந்த 5 விநாடியை 30 வரை கூட்டி வைக்கலாம் என்பது அன்று மாலைதான் தெரிந்தது. அதற்கு முன்பு கிளையன்ட்டுக்கு ஏதாவது எழுதியாக வேண்டும். ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று எழுதிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். எனக்குக் குழந்தைகள் இருப்பதே அவருக்குத் தெரியாது. சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் எட்டு மாதம் மறைத்து வைத்திருந்தேன். வீடியோ கால் வந்தால் பொம்மைகளைக் காலால் ஓரம் தள்ளுவேன். யாராவது அழுதால் மைக்கை அணைப்பேன். அன்று உடம்பும் மனசும் ஓய்ந்து போயிருந்ததால், நடந்ததை நடந்தபடி எழுதி, திருத்திய மடலையும் சேர்த்து அனுப்பினேன்.

அவர் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எந்த நேரங்களில் உங்களால் இடைஞ்சல் இல்லாமல் உட்கார முடியும்?

என்னிடம் பதில் இல்லை. ஒரு வாரம் டைமர் வைத்துக் குறித்தேன். எழுந்துபோகும்போதெல்லாம் நிறுத்தினேன், திரும்பி வந்ததும் ஓட விட்டேன். ஐந்து மணி நேரம் மேஜையில் இருந்ததாக நினைத்த நாளில் உண்மையில் வேலை பார்த்தது 2 மணி 50 நிமிடம். அதிலும் ஒரே மூச்சில் 40 நிமிடம் கிடைத்தது ஒரே ஒரு தடவை, சின்னவன் தூங்கியபோது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அந்தக் கணக்கு என் கையில் இருந்ததால்தான் அடுத்ததை யோசிக்க முடிந்தது.

விர்ச்சுவல் அசிஸ்டென்ட் வேலை என்பது ஒரு வேலை இல்லை, நூறு சின்ன வேலை. அதை நான் இரண்டாகப் பிரித்துக்கொண்டேன்: நடுவில் எழுந்து போகக்கூடியது, எழுந்து போகக் கூடாதது. ரசீதுகளை ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றுவது, படங்களுக்குப் பெயர் மாற்றிக் கோப்பில் அடுக்குவது, சமூக ஊடகப் பதிவுகளை அடுத்த வாரத்துக்கு ஷெட்யூல் செய்வது, தேவையில்லாத மடல்களைக் களைவது, இதெல்லாம் முதல் வகை. பாதியில் விட்டாலும் எங்கே விட்டோம் என்று பார்த்தாலே தெரியும். விமான டிக்கெட் அப்படியில்லை. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும், நள்ளிரவு தாண்டி இறங்கும் விமானம் என்றால் ஹோட்டல் பதிவு எந்தத் தேதிக்கு என்று யோசிக்க வேண்டும், பணம் கட்டும் பக்கமோ நமக்காகக் காத்திருக்காது. இன்வாய்ஸ் அனுப்புவது, மீட்டிங்கில் குறிப்பெடுப்பது, பலருக்குப் போகும் மடல் எல்லாம் இந்த இரண்டாம் வகை. இவை அந்த 40 நிமிடத்துக்குள், இல்லையென்றால் குழந்தைகள் தூங்கிய பிறகு. வேறு எந்த நேரத்திலும் தொடுவதில்லை.

பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள், உடனுக்குடன் பதில் சொல்ல வேண்டிய லைவ் சாட் வேலையையும், போன் எடுக்கும் வேலையையும் ஆரம்பத்தில் ஏற்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். அப்படி ஒன்றை எடுத்து மூன்றே வாரத்தில் விட்டேன். அந்த மூன்று வாரத்தில் மூத்தவளை நான் அதட்டிய அளவுக்கு அதற்கு முன்பும் அதட்டியதில்லை, பின்பும் இல்லை. அதை நினைத்தால் இன்னமும் வலிக்கிறது.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. வெளிநாட்டுக் கிளையன்ட் இருந்தால் மார்ச் மாதத்தை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு, கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறுதான். இடையில் இரண்டு மூன்று வாரம் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் உள்ள வித்தியாசம் 5 மணியிலிருந்து 4 மணியாகிவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறு ஐரோப்பா பழைய நேரத்துக்குத் திரும்பும், நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்கா திரும்பும், ஆக அங்கேயும் ஒரு வாரம் இதே கதை. காலண்டர் ஆப் இதைத் தானே கணக்கிட்டுக் காட்டிவிடும். குழந்தையின் தூக்கத்தை யார் மாற்றுவது? கடிகாரத்தைத் தொடாத நாட்டில் இருப்பவருக்கு அந்த அமெரிக்க மீட்டிங் மார்ச்சில் திடீரென்று ஒரு மணி நேரம் முன்னால் வந்து நிற்கும். எனக்கு அது சரியாக இருவரையும் தூங்க வைக்கும் நேரத்தில் வந்து விழுந்தது. இப்போதெல்லாம் பிப்ரவரியிலேயே எழுதிக் கேட்டு, அந்த மீட்டிங்கை மட்டும் தள்ளி வைத்துக்கொள்கிறேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை.

அப்புறம், பிள்ளைகள் கை வைக்கும் எந்தக் கருவியிலும் கிளையன்ட் கணக்கைத் திறப்பதில்லை. லேப்டாப்பில் வேலைக்குத் தனி யூசர் கணக்கு, எழுந்தால் உடனே லாக். ஜிமெயிலில் பாஸ்வேர்டு தராமலே இன்னொருவருக்கு இன்பாக்ஸைப் பார்த்துக்கொள்ள அனுமதி கொடுக்கும் வசதி இருக்கிறது. கிளையன்ட்டிடம் அதைத்தான் முதலில் கேட்கிறேன். பாஸ்வேர்டு தந்தே ஆக வேண்டிய தளங்களுக்கு, பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் பிட்வார்டன் ஆப். நம்மை நம்பித் தன் கடிதங்களையே ஒருவர் கொடுக்கிறார், அந்தப் பயம் எனக்கு எப்போதும் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

மூத்தவளுக்கு ஏழு வயது. அவளோடு ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. ஹெட்போன் காதில் இருந்தால் அம்மா பேசிக்கொண்டிருக்கிறாள், கழுத்தில் இருந்தால் வந்து பேசலாம். வெறும் ‘தொந்தரவு செய்யாதே’ என்பதைவிட இது அவளுக்குப் புரிந்தது, ஏனென்றால் எப்போது முடியும் என்று கண்ணால் பார்க்க முடிகிறது. என் பக்கத்து விதி ஒன்றுதான்: கழுத்துக்கு இறங்கியதும் திரையைப் பார்த்துக்கொண்டே ‘ம்’ கொட்டக் கூடாது. இதைத்தான் நான் அதிகம் மீறினேன். அவளே என் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பியிருக்கிறாள்.

மாதம் 20 மணி நேரம் என்று ஒருவர், 15 மணி நேரம் என்று இன்னொருவர், இப்போது இரண்டே கிளையன்ட்தான். மூன்றாவதாக ஒருவர் கேட்டார். சின்னவன் பள்ளிக்குப் போகும்வரை முடியாது என்று எழுதினேன். மடலைப் படித்துப் பார்த்து அனுப்பினேன். ‘அன்டூ’ பட்டன் 30 விநாடி திரையில் நின்றது, நான் தொடவில்லை. நிமிர்ந்தபோது வாசற்படியில் மூத்தவள் நோட்டுப் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினேன், டைமரை நிறுத்தினேன்.